மார்கழியில் கேமராவுக்கு முகூர்த்தம்

மதுரைப் பக்கம் ஒரு பையன் ‘போட்டோகிராபர் ஆகப்போறேன்’ என்று வீட்டில் சொன்னால், அடுத்த கேள்வி “எந்த ஸ்டுடியோவுல?” என்பதுதான். தப்பில்லை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று வருஷம் முழுக்க வேலை கொடுக்கிற ஊர் இது. தை பிறந்தால் வழி பிறக்கிறதோ இல்லையோ, கேமராக்காரருக்கு ஆர்டர் பிறக்கும். ஆடியிலும் மார்கழியிலும்தான் பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டுக் கொஞ்சம் மூச்சுவிடுவார்.

அந்த மார்கழியில்தான் சில கேமராக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் கிளம்புகிறார்கள். சபரிமலைக்கு என்று நினைத்தால், இல்லை. கொச்சியில் பினாலே, கோவாவில் செரண்டிபிட்டி கலைவிழா. ராஜஸ்தானின் மேக்னடிக் ஃபீல்ட்ஸ் இசைவிழாவும் பல ஆண்டுகள் இதே பருவத்தில்தான் நடந்தது. எல்லாமே டிசம்பரை ஒட்டித்தான். அதாவது, கல்யாண மண்டபம் பூட்டிக் கிடக்கும் நேரத்தில் கலை மண்டபம் திறக்கிறது. திட்டமிட்டுச் செய்ததல்ல. குளிர்காலமும் விடுமுறையும் சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்து வருவதால் டிசம்பர். ஆனால், நம் ஊர் பஞ்சாங்கத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது வேடிக்கைதான்.

“அப்படி என்னதான் இருக்கு அங்கே?” என்று வீட்டில் கேட்டால், போய்வந்தவர்களுக்கும் பதில் சொல்லத் தெரியாது. “ஒரு ரூம் ஃபுல்லா இருட்டு... அதுல ஒரு சத்தம்... சூப்பரா இருந்துச்சு” என்பார்கள். அம்மா முகத்தைப் பார்த்ததும் அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள்.

கொச்சியையே எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து தேனி, போடிமெட்டு, மூணாறு என்று மலையேறி இறங்கினால் ஒரு பகல் பயணம். 2012-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி, அதாவது 12-12-12 அன்று, கொச்சி-முசிறி பினாலே தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் முன்நின்று நடத்தினார்கள். பினாலே என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று அர்த்தம். பெயரில் இருக்கும் முசிறி, சங்கப் பாட்டில் மிளகுக்குப் பொன் கொடுத்த அதே துறைமுகம்தான். விழாவுக்குப் புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஃபோர்ட் கொச்சியில் ஏற்றுமதி வியாபாரம் செய்த ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கட்டடத்தையும், பக்கத்துத் தெருக்களில் காலியாகக் கிடந்த கிடங்குகளையும் கூட்டிப் பெருக்கி, அப்படியே அதில் கலைப்பொருட்களை வைத்தார்கள். சுவரில் பெயின்ட் உரிந்திருக்கும். ஜன்னல் வழியே கடல் தெரியும். போட்டோகிராபருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கலை பிடிக்காவிட்டாலும் அந்த ஜன்னல் வெளிச்சத்துக்காகவே போகலாம்.

இந்த விழாக்களில் கேமராக்காரர்களுக்குக் கிடைக்கும் முக்கியமான சந்தோஷம் எது? படம் எடுப்பதல்ல, பார்ப்பது. ஒரு புகைப்படத்தை நாம் இப்போதெல்லாம் எப்படிப் பார்க்கிறோம்? இந்த வரியைப் படிக்கும் அதே போனில், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே. ஒரு படத்துக்கு ஒரு நொடி கிடைத்தால் அதிகம். அதே படம் கதவு உயரத்துக்கு அச்சாகி, ஒரு வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்கும்போது கதை வேறு. முதலில் தூர நின்று பார்க்கிறோம். பிறகு கிட்டப் போகிறோம். படத்தில் இருக்கும் பாட்டியின் காதில் தண்டட்டி ஆடிய தடம் தெரிகிறது. அவர் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் தேதி தெரிகிறது. அரை நிமிஷம் நின்றுவிட்டால், அந்தப் பாட்டி நம்மைப் பார்ப்பதுபோல ஆகிவிடுகிறது. வருஷத்துக்கு நூறு ஆல்பம் போடுகிற ஒருவருக்கு, தன் தொழிலுக்கு இப்படி ஒரு பலம் இருக்கிறது என்று தெரியவரும் இடம் அதுதான்.

வாடிப்பட்டியும் கரிமேடும்

இந்த விழாக்களுக்கு மதுரைக்காரர்கள் பார்வையாளராக மட்டும் போவதில்லை. திண்டுக்கல் சாலையில் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுமே வாடிப்பட்டி, அந்த ஊர்க்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன். யாரிடமும் போய்ப் படிக்காமல் தானாகப் புகைப்படம் கற்றுக்கொண்டவர். தலித் குடும்பம். அவருடைய பாட்டி, தன் சமூகத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று வாடிப்பட்டியில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அந்தப் பாட்டியை நினைத்தால், பேரன் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவார் என்பதில் ஆச்சரியம் இல்லை. சாதி, திருநங்கையர் வாழ்க்கை, கிராமம் என்றுதான் அவர் படங்கள் போகின்றன.

கொரோனா ஊரடங்கில் வாடிப்பட்டி வீட்டுக்குள் இருந்தபடி, தன் குடும்பத்தையே படம் எடுக்க ஆரம்பித்தார். ‘நான் ஒரு மீனைப்போல உணர்கிறேன்’ என்பது அந்தத் தொகுப்பின் பெயர். சொந்த வீட்டுக்காரர்களை எடுப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் “சிரிங்க சார்” என்று அதட்டலாக வருகிற குரல், சொந்த அப்பா முன்னால் வராது. பல ஆண்டுகளாக அடுத்தவர் வந்து பரிதாபமாக எடுத்துப்போன வாழ்க்கையை, அதை வாழ்கிறவரே எடுக்கும்போது படத்தில் இரக்கம் கேட்கும் முகம் இருக்காது. உரிமையோடு பார்க்கும் முகம்தான் இருக்கும். நியூயார்க்கில் இருக்கும் மேக்னம் அறக்கட்டளையின் சமூகநீதிப் புகைப்பட நல்கையும் அவருக்குக் கிடைத்தது.

இன்னொருவர், மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம்.பழனிகுமார். கரிமேடு மீன் மார்க்கெட்டில் சரக்கெடுத்து விற்றவர் அவர் அம்மா. என்ஜினீயரிங் படித்த பழனிகுமார், மலக்குழிக்குள் மனிதர்கள் இறக்கப்படுவதைச் சொன்ன ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அதன்பிறகு பாரி என்று அழைக்கப்படும் கிராமப்புற இந்திய மக்களின் ஆவணக்காப்பகத்தில் புகைப்படக் கலைஞர். ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்கள், சென்னையில் இறால் பிடிக்கும் பெண் என்று, உழைக்கும் பெண்களைத் தேடித் தேடி எடுத்தவர், தன் அம்மாவையும் எடுத்தார். அதிகாலை மார்க்கெட்டில், தெருவிளக்கு வெளிச்சத்தில். ஃபிளாஷ் இல்லாத அந்த மஞ்சள் வெளிச்சம் மதுரையில் பால் வாங்கப் போகிற எல்லோரும் பார்த்ததுதான். படத்தில் பார்க்கும்போதுதான், அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் யார் என்பது உறைக்கிறது.

உலகப் புகைப்படத் துறையில் மிகப் பெரிய விருதுகளில் ஒன்று ஹாசல்பிளாட். 2022-ல் அதை வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த தயானிதா சிங். அதே ஆண்டு பாரியோடு சேர்ந்து அவர் பெயரில் ஆவணப் புகைப்பட விருது ஒன்று தொடங்கப்பட்டது. முதல் விருது பழனிகுமாருக்கு. விருதைவிட முக்கியமான வேலை ஒன்றை அவர் செய்கிறார். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் எடுத்த படங்களே கண்காட்சியாகவும் வந்திருக்கின்றன.

சென்னையில் நடக்கும் புகைப்பட பினாலேவுக்கு வருவோம். 2016-ல் தொடங்கியது. 2019-ல் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியிலும், மெரினா எதிரே உள்ள பல்கலைக்கழக செனட் ஹவுஸிலும் படங்கள் தொங்கின. நான்காவது பதிப்பு 2024 டிசம்பரில் ஆரம்பித்து 2025 மார்ச் வரை ஓடியது. ‘ஏன் புகைப்படம்?’ என்பதுதான் அதன் தலைப்பு. அதில் தமிழ்ப் புகைப்படக் கலைஞர்களின் படங்களை ‘வானேறும் விழுதுகள்’ என்ற பெயரில் தொகுத்து வைத்தவர், நம் வாடிப்பட்டி ஜெய்சிங். விழுது என்றால் மண்ணை நோக்கித்தான் இறங்கும். அது வானத்துக்கு ஏறுகிறது என்பது தலைப்பு. போஸ்டர் அடிக்கிற மதுரைக்காரர்களுக்குத் தலைப்பு வைக்கச் சொல்லித்தரவா வேண்டும்?

செம்பும் சிந்தசைசரும்

இந்த விழாக்களில் வீட்டுப் பெரியவர்களை மிரட்டுகிற விஷயம் ஒன்று உண்டு. எலெக்ட்ரானிக் மியூசிக். பாட்டுக்காரர் இல்லை, தபலா இல்லை, வரியும் இல்லை. ஒருவர் மேஜைக்குப் பின்னால் நின்று திருகுகளைத் திருகுகிறார். ஆயிரம் பேர் ஆடுகிறார்கள். “இது ஒரு பாட்டா?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால், இது வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1958-ல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை அழைத்து, ‘இந்தியாவில் டிசைன் படிப்பு எப்படி இருக்க வேண்டும்?’ என்று நம் அரசு கேட்டது. நாட்டைச் சுற்றிவிட்டு அவர்கள் எழுதிய அறிக்கையில், தாங்கள் பார்த்து வியந்த பொருட்களில் மிக உயர்ந்ததாகக் குறிப்பிட்டது எதை என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர்ச் செம்பை! அதன் கழுத்து, விளிம்பு, எடை, தலையிலோ இடுப்பிலோ வைத்தால் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படிச் சாயும், விலை என்ன, தேய்க்க எவ்வளவு நேரம் என்று ஒரு செம்புக்குள் எத்தனை கேள்விகளுக்கு விடை இருக்கிறது என்று அடுக்கிப் பார்த்தார்கள். அந்த அறிக்கையின் அடிப்படையில் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. மாட்டுத்தாவணி பக்கம் பாத்திரக் கடையில் செம்பைப் புரட்டிப் பார்த்து, “அடி கனமா இல்லையே” என்று கீழே வைக்கிற அம்மாவும் டிசைன் விமர்சகர்தான். அவருக்கு யாரும் விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்புவதில்லை, அவ்வளவே.

செம்பில் தொடங்கிய அதே நிறுவனத்தில், 1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்து பொருத்தினார். இந்தியாவின் முதல் எலெக்ட்ரானிக் இசைக்கூடம் அதுதான். மாணவர்களும் இசைக்கலைஞர்களும் சில ஆண்டுகள் அதில் பதிவு செய்த நாடாக்கள் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்துத் தூசு தட்ட, 2023-ல் இசைத்தட்டாக வெளிவந்தன.

இன்னொரு கதை இன்னும் சுவாரஸ்யம். 1982-ல் பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். ரோலண்ட் கம்பெனியின் 808, 303 என்ற இரண்டு ஜப்பானிய எந்திரங்கள்தான் பக்கவாத்தியம். யாரும் வாங்கவில்லை. இந்த 303 எந்திரமும் பாவம், கிடார் வாசிப்பவர்களுக்குத் துணையாக இருக்கும் என்று செய்யப்பட்டு, விற்காமல், உற்பத்தியே நிறுத்தப்பட்டது. அதைப் பழைய சாமானாகக் குறைந்த விலையில் வாங்கிய சிகாகோ பையன்கள் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசையை உருவாக்கினார்கள். 1987-ல் அது இசைத்தட்டாக வந்து உலகத்தையே ஆட்டிவைத்தது. 2010-ல் சரண்ஜித் சிங்கின் ரெக்கார்டு மறுபடி வெளிவந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. அதே எந்திரம், கிட்டத்தட்ட அதே சத்தம், ஐந்து வருஷம் முன்னால், ராகத்தில்! அதன்பிறகு அவரை வெளிநாட்டு விழாக்களுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது.

நம் பக்கம்? பண்ணைப்புரம் இன்றைக்குத் தேனி மாவட்டம். இளையராஜா பிறந்தபோது மதுரை மாவட்டம். 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு அவர் கம்ப்யூட்டரில் இசையைக் கோத்தார். அந்தத் தீம் மியூசிக்கை ரிங்டோனாக வைத்திருக்கும் மாமாக்கள் எத்தனை பேர்! அவர்களிடம் போய் “நீங்க கேக்குறது எலெக்ட்ரானிக் மியூசிக்” என்று சொல்லிப் பாருங்கள். கோபப்படுவார்கள்.

இன்னும் ஒன்று. அடிவயிற்றில் இறங்குகிற பேஸ் சத்தத்துக்காகத்தான் கூட்டம் அந்த விழாக்களுக்குப் போகிறது. வளைந்த குச்சியால் தோலை உரசி, சுருதியை இழுத்து இழுத்து இறக்குகிற உறுமிக்காரர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். உறுமி கேட்டுச் சாமி வந்த ஊருக்கு பேஸ் என்ன புதுசா?

சீரியல் செட்டும் ஷட்டரும்

இப்படிப்பட்ட விழாவில் படம் எடுப்பது தனி வித்தை. வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும். நீலமும் சிவப்பும் முகத்தில் அடித்தால் தோல் நிறமே தெரியாது. லேசர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரே பழுதாகிவிடும், போன் கேமராவும் இதற்கு விலக்கல்ல. எல்.இ.டி விளக்கின் முன்னால் ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை மினுங்கும். 1/50, 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் கோடு விழாது.

இதைக் கற்றுக்கொள்ள ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. சித்திரை மாதம் மாசி வீதியில் நின்றால் போதும். மூன்று மாடி உயரத்துக்கு மூங்கில் கட்டி, அதில் சீரியல் செட் போட்டு, மீனாட்சி கையில் கிளி சிறகடிக்கிற மாதிரி மினுக்க வைக்கிறார்களே, அது என்ன? லைட் டிசைன்தான். திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே இருட்டில் உட்காரவைத்து, நாலு பக்கமும் குரலும் வெளிச்சமும் மாறி மாறி வர, கதை சொல்கிறார்களே, அந்த ஒலி-ஒளிக் காட்சியை கொச்சியில் வைத்தால் ‘ஒலி நிறுவல்’ என்று பலகை மாட்டுவார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய்த் தூங்கிவிட்டதால் நமக்கு அதன் அருமை தெரியவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கும் இரவு மதுரையின் போட்டோகிராபர்கள் தூங்குவதில்லை. தல்லாகுளம் எதிர்சேவையில் தொடங்கி, விடிகாலை வைகை, மறுநாள் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். தோப்பறையில் தண்ணீர் பீய்ச்சும்போது கேமராவைப் பாலிதீன் பைக்குள் சுருட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். கல்யாண ஸ்டுடியோக்காரரும், டெல்லியிலிருந்து வந்த பத்திரிகைக்காரரும், செல்போன் பையனும் ஒரே தோளில் இடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. வெளியூர் விழாக்களின் ரசனையும், இந்த இரவின் பயிற்சியும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் நல்ல படம் வருகிறது.

ஆனால், ஒரு வருத்தம் இருக்கிறது. மதுரையைப் படம் எடுப்பது புதிதல்ல. 1858-லேயே மதராஸ் அரசின் புகைப்படக்காரராக கேப்டன் லினேயஸ் ட்ரைப் வந்து, மெழுகு பூசிய காகித நெகட்டிவில் கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்தார். நீண்ட நேரம் திறந்துவைத்தால்தான் பதியும் என்பதால், அசையாத கல் பதிந்தது. நடமாடிய ஜனங்கள் பதியவில்லை. 1950-ல் ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன் வந்தார். மதுரையில் அவர் எடுத்த படங்களில் உலகம் அறிந்தது, எலும்பும் தோலுமான ஒரு குழந்தையும் தாயும். ட்ரைப்பின் அச்சுகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. பிரெஸ்ஸோன் படம் எந்தப் புகைப்படப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கிறது.

இப்போது மதுரை மண்ணின் பிள்ளைகளே எடுத்து, அந்தப் படங்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் கடல் கடந்தும் போகின்றன. படத்தில் இருப்பவர்கள் வாடிப்பட்டியிலும் கரிமேட்டிலும்தான் இருக்கிறார்கள். கண்காட்சியைப் பார்க்க அவர்கள் சென்னைக்குப் போக வேண்டும். ஒருநாள் கூலியும் பஸ் காசும் போட்டுப் போய், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செருப்போடு போகலாமா கூடாதா என்று தயங்கி நிற்க வேண்டும். எடுத்தவர் யார் என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது. யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பெரிய மியூசியம் கட்டியாக வேண்டும் என்றில்லை. தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது ஊரே அங்கேதான் இருக்கும். செருப்பைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே பத்துக்குப் பத்தில் ஒரு ஸ்டால், பிளைவுட் சுவர் மூன்று, நாற்பது பிரின்ட், நாலு ஃபோகஸ் லைட். லைட் கட்ட சீரியல் செட்காரர், பிரின்ட் போட ஃபிளெக்ஸ் கடைக்காரர், காவலுக்கு அந்த நாலு நாள் ஆர்டர் இல்லாத ஸ்டுடியோ பையன் ஒருவர். அப்பளம் கையில் இருக்கிறவர்களைச் சுவரிலிருந்து ரெண்டடி தள்ளி நிற்கச் சொன்னால் போதும்.